சுவர் சொன்ன பாரம்

ரத்தக்குழாய்ச் சுவரைப் படிக்கும் சுவர்நோக்கி எந்திரம் திணறிய படங்கள் மட்டுமே சங்கரவடிவின் மேசைக்கு வரும். யாரோ ஒருவரின் மேற்கையிலிருந்து எடுத்த கடுகளவு கொழுப்பு, மெல்லிய சீவலாகித் திரையில் விரிந்து கிடக்கும். அதில் தமனி எது, சிரை எது என்று அவள் பிரித்துக் கொடுப்பாள். வெட்டிய பிறகும் வட்டமாக நிற்பது தமனி. அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தசை ஏறிய சுவர் அதற்கு. சுவர் மெலிந்து, உள்ளே இடம் அகன்று, அமுங்கிக் கிடப்பது சிரை. தமனியை வைத்துக்கொள், சிரையைத் தள்ளு. பாளையங்கோட்டை பார அளவை அலுவலகத்தில் பத்து வருடமாக அவள் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

வைத்துக்கொண்ட தமனியின் சுவரை எந்திரம் அளக்கும். அந்த மனிதர் எவ்வளவு சுமந்தார் என்பதற்கு நூற்றுக்குள் ஓர் எண் வரும். முதியவரை யார் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்ற வழக்குகளுக்கு இப்போதெல்லாம் சாட்சிகள் வருவதில்லை. எண் பெரிதாக இருப்பவருக்கே உரிமை.

வடிவின் தங்கை இறந்தபோது தங்கை மகள் ஆதிரைக்கு மூன்று வயது. தகப்பன் கோமதிநாயகத்துக்கு நடுக்கடல் காற்றாலையில் வேலை. குழந்தையைப் பெரியம்மாவிடம் விட்டுப் போனவர், ஆறு வருடம் கழித்துத் தூத்துக்குடியில் கரைவேலை வாங்கிக்கொண்டு மகளைக் கேட்டு வந்தார். வடிவு கொடுக்க மறுத்தாள். அளந்துவிடலாம் என்று சொன்னவளும் அவள்தான். ஆறு வருட இரவுகள் தன் உடம்பில் எழுதியிராமல் எங்கே போகும் என்று நம்பினாள்.

கோமதிநாயகத்துக்கு எழுபத்தெட்டு வந்தது. வடிவுக்கு இருபத்திரண்டு.

தன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தமனி இளசாக இருந்தது. பக்கத்திலேயே, எந்திரம் சாம்பல் பூசி ஒதுக்கிய சிரைகள் அகன்று கிடந்தன. உடம்பிலுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அவை எதிர்த்து நிற்பதில்லை. வருவதற்கெல்லாம் இடம் கொடுக்கின்றன. அவளும் அப்படித்தான் இருந்தாள். குழந்தை தாயைக் கேட்டு அழுத நாட்களில், தானும் அழுதால் அது பயந்துவிடும் என்று அழுகையை நிறுத்தியவள். பிறகு நிறுத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அழுகை இருந்த அந்த இடத்திலும் குழந்தை வந்து படுத்துக்கொண்டது.

சிரையையும் அளக்க வேண்டும் என்று அலுவலர் ஹெப்சிபாவிடம் மன்றாடினாள். ஹெப்சிபா அவளோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறவள்.

"சிரையில என்னக்கா தெரியும்? நின்னா ஒரு அளவு, படுத்தா ஒரு அளவு. தள்ளுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீய?"

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. எண் குறைந்தவர் தான் பட்ட கஷ்டங்களை வாய்மொழியாகச் சொல்லலாம். பத்து எண் வரை கூடும், மேல்முறையீட்டுக்கு வழி பிறக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் முன்னிலையில் சொல்ல வேண்டும்.

சொல்ல நிறைய இருந்தது. மூச்சிரைப்பில் குழந்தையை நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்தே விடிந்த மார்கழி மாதம். வேண்டாம் என்று அனுப்பிய பதவி உயர்வு. பிள்ளையை விடுதியில் சேர்த்தால் கல்யாணம் என்று சொன்ன ஒருவர், அவருக்கு அவள் எழுதாமலே விட்ட பதில்.

ஆதிரை பள்ளிச் சீருடையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். திரையில் இருந்த எண்ணை அவளுக்கு யாரோ விளக்கியிருக்க வேண்டும்.

"பெரியம்மா, நான் உனக்குக் கஷ்டமே குடுக்கலையாம். நெசமாவா?"

கேட்ட முகத்தில் பெருமை இருந்தது. அதற்கு அடியில் ஒரு பயமும். ஹெப்சிபா பதிவுக் கருவியை வடிவின் பக்கம் நகர்த்தினாள்.

"ஆமாட்டி. ஒரு நாளும் இல்ல."

கருவி அதைப் பதிந்துகொண்டது.

வாசலில் கோமதிநாயகம் தலை நிமிராமல் நின்றிருந்தார். "மதினி, நான் ஏமாத்தல," என்றார். அவள் ஆதிரையின் மூச்சு மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

அவர் பிள்ளையை நன்றாகவே பார்த்துக்கொண்டார். முதலில் வாரத்துக்கு ஒருமுறை பேச்சு, பிறகு மாதத்துக்கு. வடிவு ஒருத்திக்கு மட்டும் சமைத்தாள். வீடு சுத்தமாக இருந்தது. காய்ச்சல் எதுவும் இல்லாமலே இரவில் விழித்துக்கொண்டு, அடுத்த அறையில் மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்தாள். அழவும் இப்போது தடையில்லை, அழுகைதான் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறு அளவை என்பது சட்டம். ஹெப்சிபா அவளை அழைத்துத் திரையைத் திருப்பினாள். கோமதிநாயகத்துக்கு முப்பத்தொன்பது. வடிவுக்கு எண்பத்தொன்று.

அவளுடைய தமனி தடித்து, உள்வழி ஊசிக்காது போலக் குறுகியிருந்தது. யாரைச் சுமந்து இப்படி ஆயிற்று என்று வடிவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கூட இருந்தவரை தன் சுவர் இளகியிருந்தது. இப்போது கோமதிநாயகத்தினுடையது இளகியிருக்கிறது. எந்திரம் ஒருநாளும் வளர்ப்பை அளக்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டைத்தான் அளந்திருக்கிறது. கடலில் அந்த மனிதர் சுமந்த ஆறு வருடமும் பொய்யில்லை. இந்த ஊரில் எத்தனை பிள்ளைகளை, எத்தனை முதியவர்களை, அவர்களோடு இல்லாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம் என்று அவள் நினைத்துப்பார்த்தாள்.

ஹெப்சிபாவின் கண்கள் நிறைந்திருந்தன. "பிள்ள இனி ஒங்களுக்குத்தான்க்கா. பெருவிரல வச்சாப் போதும், நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லிருதேன்."

அப்படியானால் இன்னும் இரண்டு வருடத்தில் அவருடைய எண் ஏறும். பிறகு மறுபடியும் அவளுடையது. ஒவ்வொரு முறையும் பிள்ளை வீடு மாறும்.

"ஆதிரைக்கு அளந்தீங்களா?" என்று வடிவு கேட்டாள்.

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். "பதினெட்டு வயசுக்குக் கீழ எடுக்கதில்லையேக்கா. சின்னப் பிள்ளைக்கு என்ன பாரம் இருக்கப் போவுது?"

விரலுக்காக ஒளிர்ந்த தகடு தானாக அணையும்வரை வடிவு கையை மடியிலேயே வைத்திருந்தாள்.