ரோஸ் நிறக் குச்சிகள்

2009 டிசம்பர், புதன்கிழமை, காலை ஆறு மணி.

ஆரணியில் பட்டு நெசவாளர் தெரு. பூங்காவனம் தறி அறைக் கதவைத் திறந்தாள். கணவர் தணிகாசலம் தறிக்குப் பக்கத்தில், சினை ஊசிச் சரக்கை உறைநிலையில் வைக்கும் நைட்ரஜன் கேன் மேல் ஒரு கையைப் போட்டபடி கிடந்தார். பூச்சிமருந்து வாடை. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போட்டே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர்.

ஏழரைக்கு இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வன் வந்தார். காரணத்தை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை, தெருவே சொன்னது. பால் சங்கம் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து ரோஸ் நிறக் குச்சிகளை வரவழைத்தது. காளையின் விந்தில் பெண் கன்று தரும் உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, குச்சியில் அடைத்து, உறைய வைத்த சரக்கு. அதைப் போட்ட மாடுகளில் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. அதே கேனில் இருந்த சாதாக் குச்சிகள் பிடித்தன. முந்தின நாள் கூட்டத்தில் சங்கத் தலைவர் தனக்கோடி எல்லார் முன்னாலும் தணிகாசலத்தைத் திருடன் என்றார். தணிகாசலம் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாவையே ஒப்புதல் வாக்குமூலமாக ஊர் எடுத்துக்கொண்டது.

"அவரு திருடலைங்க" என்றாள் பூங்காவனம். "போன உசிரு வராது. பேரையாவது மீட்டுக் குடுங்க சார்."

பதினொரு மணி. தனக்கோடியை வாசலில் நிறுத்திக் கேட்டார் வெற்றிச்செல்வன்.

"இன்னா திருடினாருன்னு சொல்றீங்க?"

"ரோஸ் குச்சிய வெளிய வித்துட்டு, சாதாக் குச்சிய மாட்டுக்கு ஏத்திட்டான் சார். ஊரே பேசிகினு இருக்குது."

"சாதாக் குச்சி போட்டா மாடு சினை பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கும் சார். என் மாடே பிடிச்சிருக்குது."

"அப்போ மாத்திப் போட்டிருந்தா எல்லாம் சினையாயிருக்கணும். காளைக்கன்னு பொறந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டிருக்கும். சினையே பிடிக்கலையே, அது எப்படி?"

தனக்கோடி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு மனிதனைத் திருடன் என்பதற்கு முன் இதை ஒருவராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

மதியம் கால்நடை மருத்துவர் சூர்யகலா மைக்ராஸ்கோப்போடு வந்தார். கேனில் மிச்சமிருந்த ரோஸ் குச்சி ஒன்றை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ஒரு சொட்டை வைத்துப் பார்த்தார்.

"அசல் சரக்குதான் சார். சீல் உடையல. ஆனா ஒண்ணுகூட நீந்தல, எல்லாம் செத்துக் கிடக்கு."

"கேன்ல நைட்ரஜன் குறைஞ்சிருந்துச்சா?"

"இல்ல, நிரம்ப இருக்கு. அவர் அதுல ரொம்பக் கண்டிப்பு."

"சாதாக் குச்சியையும் பாருங்க."

"அதுதான் நல்லா பிடிக்குதே சார்?"

"பாருங்களேன்."

பார்த்தவர் நிமிர நேரமானது. "இதுலயும் முக்கால்வாசி செத்திருக்கு" என்றார் மெதுவாக. "அடர்த்தியா அடைச்சதால மிஞ்சினதே போதும், சினை பிடிச்சிருக்கு. ரோஸ் குச்சியில பத்துல ஒரு பங்குதான் இருக்கும். அதுவும் சாயம் ஏத்தி, லேசர்ல காட்டி, சொட்டுச் சொட்டாப் பிரிச்சது. அந்த அலைச்சல்லயே பாதி உயிர் போயிருக்கும். சின்ன சூடு பட்டாலும் தாங்காது."

"அப்போ அடி எல்லாத்துக்கும் விழுந்திருக்கு. நோஞ்சான் செத்தான், தடியன் தப்பிச்சான். சூடு எப்படிப் பட்டுச்சு?"

வெற்றிச்செல்வன் கேன் வாயில் மாட்டியிருந்த கம்பியைப் பிடித்து, குச்சிகள் இருந்த குவளையை முழுசாக வெளியே தூக்கினார். சூர்யகலா பதறினார். "கேன் கழுத்துக்கு மேல தூக்கவே கூடாது சார்!"

"இனி கெடறதுக்கு இன்னா இருக்குது?"

நீண்ட குவளையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பனி படிந்தது. கைக்குட்டையால் துடைத்தார். உலர்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். தலையைத் திருப்பித் தறியைப் பார்த்தார். கட்டையிலும், ஊடுநூல் கொண்டு ஓடும் நாடாவிலும் அதே பொட்டு. சூர்யகலாவை வெளியே அனுப்பிவிட்டு, பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"ஆயுத பூஜைக்கு இந்தக் கேனுக்கு யாரும்மா பொட்டு வெச்சது?"

"நான்தாங்க. புதுசா ரோஸ் குச்சி வந்திருக்குதுன்னு பூரிச்சிப் போயிருந்தாரு. பூஜைக்கு முன்னாடி எங்கியோ மாடு பருவத்துக்கு வந்து கத்துதுன்னு கூப்டாங்கோ, போயிட்டாரு."

"மூடிக்கு மட்டுமா வெச்சீங்க?"

"தறிக்கு வெளிக்கட்டையில மட்டுமா வெப்போம்? வேலை செய்யறது உள்ள ஓடற நாடாதானே, அத எடுத்துல்ல வெப்போம். அதான் கையில துணி சுத்திகினு, ஒவ்வொரு குவளையா வெளிய எடுத்து வெச்சேன். பனி படிஞ்சு சந்தனம் ஒட்டவே இல்ல. தொடச்சித் தொடச்சி வெச்சேன். கற்பூரம் காட்டிட்டு உள்ள உட்டுட்டேன்..." இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள். "அதனாலயா சார்?"

அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஆமாம்மா. உறைஞ்ச குச்சிக்கு வெளிக்காத்தே சூடுதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. குவளையைக் கழுத்துக்கு மேல அவர் தூக்கினதே இல்ல. ஒழுங்கா வேலை செஞ்சவரு. அதனாலயே அந்தப் பொட்டு அவர் கண்ணுல படல."

அப்போதுதான் பூங்காவனம் வாய்விட்டு அழுதாள். அவள் அழுது ஓய்ந்ததும் வெற்றிச்செல்வன் குவளையைக் கேனுக்குள் இறக்கி மூடினார்.

"சட்டத்துல இது குத்தமில்ல" என்றார் கடைசியில். "யாரோ தெரியாம தொறந்துட்டாங்கன்னு சங்கத்துல சொல்லிடறேன். உங்க பேரு வேணாம்."

"வாணாங்க. யாரோன்னு சொன்னா, அந்த யாரோ அவருதான்னு சொல்லுவாங்கோ. என் பேரைச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை காலை, பால் ஊற்றுகிற நேரம். சங்க வாசலில் வரிசையாக நின்றவர்கள் முன் வெற்றிச்செல்வன் எல்லாவற்றையும் சொன்னார், பேரையும் சொன்னார். பூங்காவனம் தலை குனியவில்லை. யாரும் பாலை அளக்கவில்லை.

தனக்கோடி முன்னால் வந்து கைகூப்பினார். "தெரியாம சொல்லிட்டம்மா."

"நானும் தெரியாமத்தான் செஞ்சேன்" என்றாள் அவள். "நாம ரெண்டு பேரும் இருக்கிறோம். ஒண்ணுமே செய்யாதவரு பூட்டாரு."