நாலு விரற்கடை தூரத்தில்

பெரியவர் வாசல் பூட்டைத் திறந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே இருட்டு. ஏழு வருடமாக ஆளில்லாத வீட்டில் ஈரச் சுண்ணாம்பும் எலிப் புழுக்கையும் நாறின. அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் அம்மா இருந்த வீட்டைப் படம் எடுத்தே தீருவேன் என்று தங்கை மகன் ஒற்றைக்காலில் நின்றான். பல் டாக்டர். நாலு வயதில் தாயை இழந்து, தாய்மாமனான பெரியவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன்.

"தாழ்ப்பாள், ஆணி, படியில இருக்கிற விரிசல்... இந்த மாதிரி சின்னச் சின்னதா எடுத்தாப் போதும் மாமா," என்றபடி காமிராவில் ஒரு குட்டி லென்ஸைத் திருகினான். "கிளினிக்ல பல்லை எடுக்கிற லென்ஸ் யானை விலை. இது பூனை விலை. ஆனா எறும்போட மீசையைக்கூடக் காட்டும்."

"மலிவா வந்தது மாசம் தாங்காது."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

பெரியவர் சிரித்துவைத்தார். நடுக்கூடத்தைத் தாண்டி அவன் எங்கே போகிறான் என்பதிலேயே அவர் கண் இருந்தது.

அவன் நேராகப் பின்கட்டுக்குத்தான் போனான். சாமான் அறையின் முன் குனிந்தான்.

"மாமா, சாவி துவாரத்துல ஒரு சிலந்தி! நீங்க எடுங்க. நாலு விரற்கடை தூரம். லென்ஸ் வளையத்தைத் திருகாதீங்க, உடம்பைத்தான் முன்னும் பின்னும் அசைக்கணும். மூச்சை மட்டும் பிடிச்சுக்குங்க. மூச்சு விட்டா ஆடிடும்."

வேண்டாம் என்றால் ஏன் என்பான். பெரியவர் முட்டி மடக்கி உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு முன்னும் இதே கதவின் முன் இப்படித்தான் உட்கார்ந்தார்.

காமிராவின் கண்ணுக்குள் சிலந்தி தெரிந்தது. ரோமக் கால்கள், அதன் பின்னே கருமை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

படம் மங்கியது.

லென்ஸைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. விலகியது. மறுபடி படர்ந்தது.

அவர் மூச்சு விடவே இல்லை.

விரல் தன்பாட்டில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. சிலந்தி ஓடிவிட்டிருந்தது.

"கொடுங்க பார்ப்போம்." மருமகன் காமிராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவன் விரல் நின்றது.

"இது பூச்சி இல்ல மாமா."

"தூசியா இருக்கும்."

"உதடு. நான் தினம் பார்க்கிறது எனக்குத் தெரியாதா?" அவன் குரல் இறங்கியது. "நீலம் பாரிச்சிருக்கு. மூச்சு கிடைக்காதவங்களுக்குத்தான் இப்படி ஆகும்."

அடுத்த படத்தில் அந்த உதடுகள் விரிந்திருந்தன. அதற்கடுத்ததில் குவிந்திருந்தன.

"உள்ள யாரு மாமா?"

"யாருமில்ல."

"சாவி?"

"தொலைஞ்சுபோச்சு."

அவன் குனிந்து துவாரத்தில் காதை வைத்தான். வெகுநேரம் அசையவில்லை. நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா காய்ச்சல்லதானே போனாங்க?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பெரியவர் ஊர் வாயையே மூடியவர். அவர் வீட்டைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதும் 'காய்ச்சல்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த வாரம் கதவும் இருக்காது, சுவரும் இருக்காது. வளர்த்த பிள்ளை மட்டும் கடைசிவரை பக்கத்தில் இருப்பான்.

வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை.

"புருஷன் போய் ரெண்டு வருஷம்கூட ஆகல. கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கிறேன்னு நின்னா. ரெண்டு நாள் உள்ள கிடந்தா புத்தி வரும்னு பூட்டினேன். அவளுக்கு இழுப்பு உண்டு. எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அந்தத் துவாரத்துல வாயை வச்சுக் கூப்பிட்டா. 'அண்ணா, மூச்சு முட்டுது'ன்னு. சத்தம் தெருவுக்குக் கேட்டுடுமேன்னு..." பெரியவர் தரையைப் பார்த்தார். "துணியைச் சுருட்டி அடைச்சேன்டா. இந்தக் கையால."

மருமகன் காமிராவைத் தரையில் வைத்தான். தோளால் கதவை இடித்தான். மூன்றாவது இடியில் துருப்பிடித்த பூட்டு பிய்ந்து விழுந்தது.

அறை காலியாக இருந்தது. நாலு சுவர், தூசி, மூலையில் உடைந்த பானை. தூசியில் எலித்தடம்கூட இல்லை.

அப்போது அறையின் நடுவில், அவர்களுக்கு மிக அருகில், யாரோ மூச்சை இழுத்தார்கள். நெஞ்சு நிறைய, நெடுநேரம், ஆசை தீர இழுத்தார்கள்.

இருவரும் அசையாமல் நின்றார்கள்.

வெயில் சாய்ந்து கூடத்துக்கு வந்துவிட்டது. இழுத்த அந்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை.