வினோஜாவின் தங்கப் பவுண்

"சிவநாயகி, நீ தட்டத்தைத் தொடாதை! மங்கல காரியம்... சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்."

மச்சாள் யோகாம்பாள் இப்படிச் சொன்னபோது, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் உள்ள அவளது வீட்டு வரவேற்பறையில் நகை செய்யும் பத்தர் சிரட்டைக்கரியை மூட்டிக்கொண்டிருந்தார். சிவநாயகியின் கணவர் சண்முகலிங்கம் கதிரையில் ஏறி, புகை பட்டால் அலறும் மணிக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு நின்றார். தமக்கையின் சொல் அவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு முடிச்சுப் போடுவதில்தான் அவ்வளவு கவனம்!

யோகாம்பாளின் மகன் கிருஷிகனுக்கு அன்று பொன்னுருக்கல். தாலிக்கு உருக்கும் தங்கப் பவுணைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டுவது அந்த வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய்மாமன் மனைவியான மாமியின் உரிமை. அந்த உரிமையை யாரிடமிருந்து பறிக்கிறார்கள்? யோகாம்பாள் நோயில் கிடந்த காலத்தில், தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிருஷிகனைத் தூக்கி வளர்த்தவளிடமிருந்து! நன்றி என்ற ஒன்று இந்த வீட்டில் மருந்துக்கும் இல்லையா?

அவள் செய்த குற்றமெல்லாம் மகள் வினோஜாவைப் பெற்றதுதான். சட்டம் படித்த வினோஜாவுக்கு மணிலாவில் வேலை. ஆசியாவெங்கும் போக்கர் சீட்டாட்டம் காளான்போலப் பெருகுகிறது. ஒரு நாடு தடுத்தால் அடுத்த நாட்டில் கடை விரிக்கிறார்கள். உரிமம் இல்லாத செயலிகள் ஒஸ்லோ வரைக்கும் ஆள் பிடிக்கின்றன. அவற்றைத் தேடி மூடவைக்கும் குழுவில் அவள் இருந்தாள். சோதனைக்குப் போன இடத்தில் சீட்டு மேசையருகே நின்ற படமொன்று வாட்ஸ்அப்பில் வந்ததுதான் தாமதம், 'சிவநாயகியின் பெட்டை சூதாடுறாள்' என்று ஊர் கதை கட்டிவிட்டது. செத்தவீட்டிலும் காசு வைத்துச் சீட்டு விளையாடுகிற ஆண்கள்தான் முதலில் முகம் சுளித்தார்கள்; இன்று சபையிலும் அவர்கள் இருந்தார்கள்!

"அவள் சூதைப் பிடிக்கிற வேலை செய்யிறாள் மச்சாள்... எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

"நெருப்பில்லாமல் புகையுமே?" என்றபடி யோகாம்பாள் சாமியறையில் பவுணை வைத்திருந்த சிறு செப்பை எடுத்து வந்து சபை நடுவே திறந்தாள். பஞ்சு மட்டுமே இருந்தது. பவுணைக் காணவில்லை.

"விடியக் காலமை சாமியறையைக் கூட்டினது நீதானே, சிவநாயகி?"

சிவநாயகி மச்சாளின் முகத்தை நேரே பார்த்தாள். கள்ளியா? அவளா?

"அம்மா, மாமியை ஒண்டும் சொல்லாதேங்கோ!" கிருஷிகன் பாய்ந்து வந்து சிவநாயகியின் காலடியில் விழுந்தான். "நான்தான் பவுணை வித்தனான்... காசைப் போக்கர் செயலியிலை விட்டிட்டன். வெளிநாட்டுச் சூதுக்கு இஞ்சை வங்கி காசு விடாது. அதாலை பக்கத்துப் பியோர்ண்டாலிலை செயலிக்கு ஆள் பிடிக்கிற ஒருத்தனிட்டைக் கையிலை குடுத்தனான். வினோஜாவின்ரை குழு மூடின செயலியிலை என்ரை பேரைக் கண்டிட்டு அவள் அழுதவள். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினனான். நீங்கள் அவளை ஏசேக்கையும் அவள் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை..."

யோகாம்பாள் வெறும் செப்பை மூடி வைத்தாள். "நல்ல நேரம் போகுது," என்றார் பத்தர் மெதுவாக.

சிவநாயகி தன் சங்கிலியில் கோத்திருந்த பவுணைக் கழற்றினாள். யோகாம்பாள் கை நீட்டியதும் விரல்களை மூடிக்கொண்டாள்.

"இது என்ரை பிள்ளை முதல் சம்பளத்திலை வாங்கித் தந்தது. நீங்கள் சூதெண்டு பழிச்ச அதே வேலை! வேணுமெண்டால் அவளிட்டைக் கேளுங்கோ."

சிவநாயகி மணிலாவுக்கு அழைத்தாள்; தொலைபேசித் திரையில் வினோஜாவின் முகம் தெரிந்தது. யோகாம்பாள் திரையருகே குனிந்தாள். "பிள்ளை... மாமி உன்னைப் பழிச்சுப்போட்டன்... எனக்கு மன்னிப்பிருக்கோ?"

"அம்மாவிட்டைக் கேளுங்கோ மாமி, அழுதது அவாதானே. பவுணைத் தாறன். ஆனா கிருஷிகன் முதல் மயூராவுக்கு உண்மையைச் சொல்லவேணும். தெரியாமல் அந்தப் பிள்ளை கழுத்தை நீட்டக்கூடாது."

கிருஷிகன் மாடிக்குப் போய் மணப்பெண் மயூராவோடு தொலைபேசியில் கதைத்தான். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. "சரியாய் ஏசினாள்... சூதை விட டொக்டரிட்டைப் போனால்தான் கலியாணமாம். சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். பவுணை உருக்கச் சொன்னாள்."

யோகாம்பாள் தானே தட்டத்தைக் கொண்டுவந்து சிவநாயகியின் கைகளில் வைத்தாள். வைத்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். கதிரையிலிருந்து இறங்கிய சண்முகலிங்கம், "நான் அப்பவே வாய் திறந்திருக்கவேணும்," என்றார்.

"ஓம். திறந்திருக்கவேணும்," என்றாள் சிவநாயகி.

பிறகு வெற்றிலைக்கும் பூவுக்கும் நடுவே பவுணை வைத்தாள். அதன் பக்கத்தில் மகளின் முகம் தெரியும்படி தொலைபேசியை நிமிர்த்தினாள். முகம் சுளித்த அந்த ஆண்கள் இருந்த வரிசைக்கே முதலில் போனாள்.

"தொட்டு ஆசீர்வதியுங்கோ. ஆனா முதல் என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாருங்கோ!"

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.