மாவுக்கட்டு

ஈரப் பெயிண்டுக்கும் காய்ந்த பெயிண்டுக்கும் வாசனையில் வித்தியாசம் உண்டு என்பது இந்த அறைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. காய்ந்தது தூசியோடு தூசியாகக் கிடக்கும். ஈரமானது மூக்கினடியில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகாது. தம்பி காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டான், ஜன்னல் சாத்தியிருந்தது, வீட்டில் வேறு யாரும் இல்லை. மத்தியானத் தூக்கம் கலைந்து அவள் கண்ணைத் திறந்தபோது அறை முழுக்க ஈர வாசனை.

பார்சல் வண்டி ஓட்டுகிறவள் அவள். நாளெல்லாம் ஊரைச் சுற்றியவள், வண்டியின் பின்படியில் கால் இடறி விழுந்து, பாதத்திலிருந்து பாதித் தொடைவரை மாவுக்கட்டோடு தம்பி வீட்டில் கிடந்தாள். அவளுடைய வீடு மாடியில், ஏற முடியாது. தம்பி வீட்டில் கட்டில் போட இடமிருந்ததோ அவனுடைய பொம்மை அறையில் மட்டும்தான். பொம்மை என்று சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேஜை. அதன்மேல், வேறு ஏதோ கிரகத்தில், இனிமேல் எப்போதோ நடக்கப்போகும் போரில் இடிந்துபோன ஒரு நகரம். தெர்மாகோலை அறுத்துச் சுவர், ஷாம்பு மூடியில் தண்ணீர்த் தொட்டி, காலியான மாத்திரை அட்டையில் இரும்புக் கதவு. எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் அடித்து, பள்ளங்களில் கறுப்பை ஓடவிட்டு, விளிம்புகளில் வெள்ளையைத் தொட்டும் தொடாமலும் தேய்த்தால் உண்மையாகவே எரிந்து அணைந்த ஊர்போல ஆகிவிடும். இடிபாடுகளுக்கு நடுவே கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்கள், மூச்சுக்குழாய் வைத்த முகமூடிகளோடு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை தம்பிக்கு. வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்த ஊரைக் கட்ட உட்கார்ந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகள் வந்து பகடை உருட்டி இதில் சண்டை போடுவார்கள்.

அன்று சாயங்காலம் அவன் மேஜைமேல் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"அக்கா, இது யாரு பண்ணது?"

"எதுடா?"

"இந்தக் கதவு. துரு வழியிறது அப்படியே நிஜமா இருக்கு. எனக்கே இப்படி வராது. நீயா? இத்தனை வருஷமா இந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"வாக்கரைப் பிடிச்சு பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ளயே எனக்கு உயிர் போகுது. இதுல நின்னு பெயிண்ட் வேற அடிக்கிறேனா?"

"மாத்திரை மயக்கத்துல அடிச்சிருப்பே. நடக்கட்டும், நடக்கட்டும்." சிரித்துக்கொண்டே தலையணையில் புது பிரஷ் ஒன்றை வைத்துவிட்டுப் போனான்.

அவள் அதைத் தொடவில்லை. ஆனால் மறுநாளும் மத்தியானத்தில் வாசனை வந்தது. அதற்கு மறுநாளும். வலி மாத்திரை அவளைத் தூக்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். விழித்துப் பார்த்தால் நகரத்தில் புதிதாக ஒரு சுவர், ஓர் ஏணி, கரி படிந்த ஒரு புகைபோக்கி. எல்லாமே தம்பியின் வேலையைவிட நுணுக்கம். எல்லாமே கட்டில் பக்கத்து ஓரத்தில். வீரர்கள் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி, துப்பாக்கியை எதிரியை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவனாவது அசைந்திருந்தால்கூட, இவன்தான் என்று சுட்டிக்காட்டி ஒரு பாடு அலறித் தீர்த்திருப்பாள். ஒருவனும் அசையவில்லை. அப்படியானால் கட்டுவது யார்?

ஒருநாள் மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம், குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம். பிறகு அது. நகத்தை அரத்தால் தேய்ப்பதுபோல, மெதுவாக, அவசரமே இல்லாமல். கிர்ர்... கிர்ர்... கண்ணைத் திறந்தாள். நின்றது. மூடினாள். மறுபடி கிர்ர். மேஜைப் பக்கமிருந்து வருகிறதா, அதைவிடக் கிட்டத்திலிருந்தா என்று சொல்ல முடியவில்லை. வலி தாங்காமல் கடைசியில் மாத்திரையை விழுங்கிவிட்டாள்.

"என்னை ஹால்ல கொண்டுபோய்ப் போடுடா," என்று அன்று கெஞ்சினாள்.

"கட்டில் வாசல்ல நுழையாதுக்கா, கழட்டி மாட்டணும். ஞாயித்துக்கிழமை பசங்க வரட்டும்."

"தரையில படுத்துக்கிறேன்."

"இந்தக் காலோடயா? டாக்டர் என்னைத்தான் கிழிப்பாரு. பயமா இருக்கா, என்ன?"

பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எதைப் பார்த்து என்று கேட்பான். இடிந்த சுவரில் துரு அழகாக இருக்கிறது என்பதைப் பார்த்து.

ஒரே ஒரு நிம்மதி. கட்டுப் போட்ட நாளிலிருந்து உள்ளே பிடுங்கித் தின்ற அரிப்பு நின்றுபோயிருந்தது. எலும்பு கூடிவருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் விழித்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், எட்டாத தூரத்தில். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அறை முழுவதுமே சாம்பல் அடித்துக் காயவைத்ததுபோல இருந்தது. வாசனை இதுவரை இல்லாத அளவுக்கு. நாக்கிலேயே தெரிந்தது.

மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே எப்போதும் இருந்த சந்து இருட்டாக இல்லை. அதில் எதுவோ நீண்டிருந்தது.

பாலம்.

அவளுடைய மாத்திரை அட்டைகள். அவளுடைய சீப்பின் பற்கள் கம்பிக் கைப்பிடியாக. நடுவில் தொய்வு, குண்டு விழுந்து சிதைந்த ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கரி. ஒரு முனை நகரத்தில். மறுமுனை மெத்தையில், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், போர்வைக்குள் போய் மறைந்தது.

போனை எடுத்தாள். விரல் இரண்டு முறை வழுக்கியது.

"சொல்லுக்கா, வந்துட்டே இருக்கேன்."

"வாடா. சீக்கிரம் வா."

"என்னாச்சு? விழுந்துட்டியா?"

"இல்ல."

"வலிக்குதா?"

காலைப் பற்றி அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. கனக்கவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

"வாடா," என்றாள் மறுபடி.

எழுந்துவிட வேண்டும். வாக்கரைப் பிடித்து, ஹாலுக்கு, வாசலுக்கு, தெருவுக்கு. இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்கினாள். உடம்பு வந்தது. கட்டுப் போட்ட கால் வரவில்லை. மெத்தையே கூடச் சேர்ந்து எழும்பியது. போர்வையை உருவினாள்.

குதிகாலைச் சுற்றி மணலும் பசையும். காய்ந்து, கல்லாக இறுகி, மெத்தையோடு மெத்தையாக. தம்பி தன் வீரர்களின் காலடியில் ஒட்டுவானே, அதே மணல். விரிப்பில் அங்கங்கே வெள்ளைத் தூள், சின்னச் சின்னக் குவியல்களாக. மாவு. உள்ளிருந்து வெட்டி வெளியே கொட்டிய மாவு.

கட்டு வெள்ளையாக இல்லை. பாதத்திலிருந்து மேலே வரிசை வரிசையாகச் செங்கல் கீறியிருந்தது. சாம்பல் நிறம். பள்ளத்தில் கறுப்பு. விளிம்பில் வெள்ளை. துரு வழிந்த குழாய்கள், தீ நக்கிய தடம், வரிசையாகச் சின்ன ஜன்னல்கள். கணுக்காலுக்கு மேலே, பாலம் வந்து முடிந்த இடத்தில், கதவு. வரைந்த கதவில்லை. வெட்டிய கதவு. பாதி திறந்திருந்தது.

கத்தினாள். கத்தலுக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டது. கிர்ர்.

கிட்டத்தில். உள்ளே.

வாசல் பூட்டு திறந்தது. செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்தான் தம்பி. விளக்கைப் போட்டான். பாலத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"உடைடா! சுத்தியல் எடு, எதையாவது எடு, உடை இதை!"

கட்டிலருகே மண்டியிட்டான். பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டினான். டார்ச்சை அடித்து, அந்தக் கதவுக்குக் கண்ணைக் கொண்டுபோனான்.

"என்னடா? என் கால் இருக்காடா? சொல்லுடா."

"உள்ள படிக்கட்டு இருக்குக்கா," என்றான். அழுதுகொண்டிருந்தான். "மேல போகுது."

பாதத்தருகே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. கணுக்காலில் ஒன்று. ஆடுதசையில் ஒன்று. முழங்காலில் அடுத்தடுத்து. அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வேறு எதுவும் செய்ய அவனுக்குத் தெரியவில்லை. கட்டின் கடைசி ஜன்னலிலும் வெளிச்சம் வந்தது. அதற்குமேல் கட்டு இல்லை, வெறும் தொடைதான்.

கிர்ர்... கிர்ர்...

தோலுக்கடியில் அடுத்த விளக்கு எரிந்தது.