ஒரே பள்ளத்தில் இரண்டு லைன்

காலைப் படகில் வந்திறங்கிய அபிசாயின் தோளில் புதிய ஆன்டெனா, பையில் பெரியவர்கள் முன் மரியாதைக்கு வைக்கும் கவா வேர்க்கட்டு. தீவின் சுகாதார நிலைய வாசலிலேயே நர்ஸ் கெலேரா மடக்கினாள்.

"வாங்க மச்சான்! போனவாட்டி மாதிரி ஊர்ப் பெரியவருக்குக் கவா வைக்காம ஓடிடாதீங்க. அப்புறம் பிடிச்சு எனக்கே கட்டிவெச்சிருவாங்க."

மாமன் மகள் முறை. கிண்டலடிக்க உரிமை உண்டு. அபிசாய் சிரித்துவைத்தான். மனசு சிரிக்கவில்லை.

போன வருஷம் இங்கே இரண்டு கம்பெனிகளின் இணைய லைன்களைப் போட்டவன் அவன்தான். ஒன்று போனால் மற்றது தானாகக் கைகொடுக்க வேண்டும். அதற்கு இரண்டும் வேறுவேறு பாதையில் வர வேண்டும். அன்றைக்கோ கொட்டும் மழை. படகு கிளம்பப் போகிறது என்று கரையிலிருந்து கத்துகிறார்கள். இரண்டையும் ஒரே பள்ளத்தில் போட்டு மூடிவிட்டு, 'தனித்தனிப் பாதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

மூன்று மாதத்துக்கு முன், தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய இயந்திரம் ஒரே கொத்தில் இரண்டையும் அறுத்தது. அந்த நேரம் உள்ளே அகனீசிக்குப் பிரசவம். சுவா நகரத்து டாக்டர் திரையில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். திரை அணைந்தது. பிள்ளை பிழைத்தது. தாயின் ரத்தத்தைக் கெலேராவால் தனியாக நிறுத்த முடியவில்லை.

ஊர் கம்பெனிகளைத் திட்டித் தீர்த்தது. அபிசாய் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு அவனைத் தின்றுகொண்டிருந்தது.

மதியத்துக்குள் இரண்டாவது பாதையாகக் கூரையில் ஆன்டெனாவைப் பொருத்தினான். சோதித்துப் பார்க்க அலுவலகத்தைத் திரையில் அழைத்து, பழுது பார்த்து வைத்திருந்த ஒரே தரை லைனைப் பிடுங்கினான். ஆன்டெனா உடனே ஏற்றுக்கொண்டது. இரண்டும் போனால் எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று பார்க்க, ஆன்டெனா வயரையும் பிடுங்கினான்.

மணி அடிக்கவில்லை.

திரை அணையவில்லை.

அலுவலகம் மறைந்து இதே அறை தெரிந்தது. இதே கட்டில். அதில் யாரோ படுத்திருந்தார்கள். வெட்டிய ஈர மண்ணின் வாடையும் ரத்த வாடையும் கலந்து மூக்கில் ஏறின. மெல்லத் திரும்பிப் பார்த்தான். கட்டில் காலி.

திரையிலிருந்து ஒரு பெண் குரல்: "டாக்டர்... உங்க சத்தமே கேக்கலையே. ரத்தம் இன்னும் நிக்கல. நான் என்ன செய்யணும்?"

இரண்டு வயரும் அவன் கையில்தான் இருந்தன.

வாசலில் கெலேரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அது... அகனீசி குரல்."

"நான்தான் கெலேரா. ரெண்டையும் ஒரே பள்ளத்துல போட்டேன். நான்தான்."

"போ. அவ புருஷன்கிட்ட சொல்லு" என்றாள் அவள். மச்சான் என்று கூப்பிடவில்லை.

திமோதியின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அபிசாய் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி அவன் முன்னே வேர்க்கட்டை வைத்து, தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னான். திமோதி நெடுநேரம் அதைத் தொடவே இல்லை. கடைசியில் கை நீட்டி எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம்.

"நான் ஏத்துக்கிட்டேன். அவ ஏத்துக்கிட்டாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு நாள் கழித்து, சுவா அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டாள். "அபிசாய், அந்தத் தீவுக்கு ரெண்டு லைன்தானே போட்டே? இங்க மூணு காட்டுது. மூணாவதுக்குக் கம்பெனி பேரே இல்லையே."

அவன் குனிந்து அவள் திரையைப் பார்த்தான். மூன்றாவது லைனில் சுகாதார நிலையத்திலிருந்து டாக்டருக்கு ஒரே ஓர் அழைப்பு. லைன்கள் அறுந்த அன்றிலிருந்து, தொண்ணூற்று நான்கு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. விநாடிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

மறுமுனையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை.