41ஆம் இலக்கப் பலகை

தொலைபேசி அலறியது!

உப பொலிஸ் பரிசோதகர் ஸப்ரி வாயிலிருந்த பராட்டாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ..."

"சேர், டொக்டர் நிஹ்லா கதைக்கன். நூதனசாலைக் காவலாளி கச்சிமுகம்மதுட அறிக்கை கொழும்பில இரிந்து வந்திரிக்கி."

"மாரடைப்புத்தானே டொக்டர்?"

"இல்ல."

ஸப்ரி மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆர்சனிக்! முடியில இரிக்கி. நகத்திலயும் இரிக்கி. நகத்தில குறுக்கால வெள்ளக் கோடு கண்டுதான் நான் மாதிரி அனுப்பினன். ஒரே நாள்ல குடுத்ததில்ல சேர். நாப்பது நாளாச்சும் இரிக்கும்... கொஞ்சம் கொஞ்சமா."

எதிர் மேசையில் கான்ஸ்டபிள் அஸ்பியாவின் பேனா நின்றது.

கச்சிமுகம்மது இறந்து பன்னிரண்டு நாட்கள். நிந்தவூர்க்காரர். கரையோரப் பாதையில் இருக்கும் பழைய நூதனசாலைக்கு முப்பத்து மூன்று வருடக் காவலாளி. கால் வீங்கும் சிறுநீரக நோயாளி. காலையில் கதவைத் திறந்தவர், மரத்தோணிக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவே விழுந்து கிடந்தார். அன்று மாலையே அடக்கம்.

"புள்ள... நாப்பது நாள் பக்கத்தில இரிந்து நஞ்சு குடுக்கிறதெண்டா ஆரால ஏலும்?"

"பொண்டாட்டியால ஏலும் சேர்."

"மறுகா?"

"தேத்தண்ணி ஊத்துறவனால."

ஸப்ரி தொப்பியை எடுத்தார்.

*

நூதனசாலை 1931இல் தொடங்கியது. ஒல்லாந்தர் நாணயங்கள், நெல் அளந்த மரக்கால்கள், மருதமுனைத் தறியின் முதல் சாரன்கள், வைக்கோல் அடைத்த ஒரு முதலை. சுனாமி கீழ்த்தளத்தைக் கழுவிக்கொண்டு போனது. மேல்தளம் தப்பியது.

பொறுப்பாளர் ஸலாஹுதீன் கைகளைப் பிசைந்தார்.

"தேத்தண்ணி ஊத்துறது நிரோசன் சேர். பொருட்களப் பழுதுபாக்கிற பொடியன். ஊர் ஆலையடிவேம்பு."

"ரெண்டு பேருக்கும் கோவமா?"

"சேச்சே... சொந்த அண்ணன் மாதிரி, காக்கா, காக்காண்டு பின்னால திரிவான். ஆனா..."

"ஆனா?"

"மௌத்தாகிறதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் சத்தம் போட்டாங்க. 'நாளைக்குக் கொண்டு வராட்டி சேரிட்டச் சொல்லிருவன்' எண்டு நிரோசன் கத்தினான்."

"என்னத்தக் கொண்டு வாற?"

"அத ரெண்டு பேரும் சொல்லல்ல."

மருந்து அலுமாரியைத் திறந்தார்கள். மூலையில் ஒரு தடித்த கண்ணாடிப் போத்தல். சிவப்பு லேபலில் மண்டையோடு!

"ஆர்சனிக்!" ஸப்ரி விசிலடித்தார். "அலுமாரிச் சாவி ஆரிட்ட?"

"நிரோசனிட்ட மட்டும்தான்..."

நிரோசன் வாசலில் நின்றான். முப்பது வயதிருக்கும். விரல்களில் வச்சிரப் பசை காய்ந்திருந்தது.

"தம்பி, காக்காவோட என்ன சண்ட?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வாயில என்ன? அதையும் பசை போட்டு ஒட்டிட்டியா?"

"நான் காக்காக்கு ஒண்டும் செய்யல்ல சேர்."

"அப்ப சண்டையச் சொல்லு."

"சொல்ல ஏலா."

"ஏறு ஜீப்புல!"

அஸ்பியா பின்தங்கினாள். போத்தலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். அசையவில்லை. துரு பிடித்து, கண்ணாடியோடு ஒட்டி இறுகிப் போயிருந்தது. பல வருடங்களாக எவரும் திறக்காத மூடி அது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். பழைய ஓதப்பள்ளிப் பிள்ளைகள் குர்ஆன் எழுதிப் படித்த மரப்பலகைகள், வரிசையாக. 39... 40... 42...

நடுவே ஓர் ஆணி மட்டும்.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு நீதவான் முன் ஆஜர். கொலைக் குற்றம் என்றால் பிணைகூட இல்லை.

எட்டு மணிக்கு அஸ்பியா கம்பிக்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கட வீட்டில ஆரு இரிக்காங்க?"

"பொஞ்சாதி. ஏழு மாசம்."

"பத்து மணிக்குப் புறகு அந்தப் புள்ளய நீங்க எப்ப பாப்பீங்களோ தெரியா. நாப்பத்தோராம் பலகை எங்க?"

அவன் நிமிர்ந்தான். முகம் வெளிறிப்போனது.

"அது ஒங்களுக்கு..."

"ஆணியக் கண்டன். காக்கா எடுத்தாரா?"

"மெல்லக் கதைங்க அக்கா!" அவன் கம்பியைப் பிடித்தான். "முப்பத்து மூணு வருசம் ஒரு குண்டூசி எடுக்காத மனிசன். செத்ததுக்குப் பிறகு கள்ளன் எண்டு பேர் வேணாம். பென்சனையும் நிப்பாட்டிருவானுகள். நான் அவருக்கு வாக்குக் குடுத்த."

"அதுக்காக நீங்க தூக்குமேடைக்குப் போவீங்களா?"

"நான் நஞ்சு குடுக்கல்ல. அதக் கோர்ட்டில சொன்னா உடுவாங்கதானே?"

அஸ்பியா முக்காலியைக் கம்பியோடு ஒட்டி இழுத்தாள். இவ்வளவு வெகுளியா!

"எதுக்கு எடுத்தாரு?"

"அந்தப் பலகையில மட்டும் எழுத்தச் செதுக்கி இரிக்கி. நோய்க்கு ஓதுற ஆயத்தாம், குர்ஆன் வசனம். அதில தண்ணி ஊத்தி, வடியிறதக் குடிச்சா நோய் மாறும் எண்டு முந்திக் காலத்தில சனம் தேடி வந்து குடிக்குமாம். காக்காட பொஞ்சாதி சரீபா உம்மா கேட்டுக்கிட்டே இரிந்தாவாம். அவருக்கும் கால் வீக்கம் தாங்க ஏலல்ல. கொண்டு போனாரு. கணக்கெடுப்பு வரப் போகுது, திருப்பித் தாங்க காக்கா எண்டுதான் நான் சண்ட பிடிச்ச."

"பழைய பலகை... பூச்சி மருந்து அடிச்சிருக்காதா?"

"நானும் கேட்ட. அவர் சிரிச்சாரு. 'சுனாமிக்குப் புறகு எல்லாப் பலகைக்கும் மருந்து பூசச் சொன்னாங்க. பூசினது நான்தான். நாப்பத்தொண்டுக்கு மட்டும் பூசல்ல. அல்லாஹ்ட கலாமுக்கு மேல நஞ்சு பூசுவனா நான்? மறைச்சி வச்சிட்டன். அது ஒண்டுதான் இங்க சுத்தமானது' எண்டாரு."

அஸ்பியா எழுந்தாள். சுனாமிக்குப் பிறகு பூசவில்லை, சரி... அதற்கு முன்பு? முக்காலி கவிழ்ந்தது.

*

"பழைய பதிவேடு சேர்! இந்த இடம் தொடங்கின காலத்துப் பதிவேடு! சுறுக்கா!"

நூதனசாலையில் அஸ்பியாவும் ஸப்ரியும் மூச்சிரைக்க நிற்க, ஸலாஹுதீன் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். செல்லரித்த தோல் அட்டை. உள்ளே அழகான ஆங்கிலக் கையெழுத்து.

"ஆரு எழுதின?"

"இந்த நூதனசாலையத் தொடங்கினவர். அப்போதிக்கரி ஸஹீத். ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிறவர். சம்பளமெல்லாம் இதுக்குத்தான் கொட்டினார்."

"காக்கா இத வாசிச்சிரிப்பாரா?"

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாது புள்ள."

பக்கங்கள் பறந்தன. 38... 39... 40...

41.

அஸ்பியாவின் விரல் அந்த வரியில் நின்றது. ஸப்ரி குனிந்தார்.

"என்ன போட்டிரிக்கி?"

"'செதுக்கிய பலகை. கறையான் அரிக்கத் தொடங்கியதால் ஆர்சனிக் கரைசலில் மூன்று நாள் ஊறவைக்கப்பட்டது. 1938.'"



ஒரு பூச்சல்ல. ஊறல்! மரத்தின் உள்வரைக்கும்! ஒவ்வொரு நாளும் ஊற்றிய தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக...

"மத்தப் பலகையெல்லாம்?" ஸப்ரி கேட்டார்.

"கறையான் அரிச்சது இத மட்டும்தான் சேர். இது ஒண்டுதான்..."

 திடீரென்று வேறொன்று அவளை உலுக்கியது.

"சேர்! பலகை இப்பவும் அந்த வீட்டிலதான் இரிக்கி!"

"வண்டிய எடு!"

*

நிந்தவூரில் சிறிய வீடு. கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. அறை வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது.

ஸப்ரி திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். அஸ்பியா உள்ளே பாய்ந்தாள்.

பாயில் சரீபா. முன்னால் வெள்ளைத் துணியில் பலகை. கையில் பீங்கான் கோப்பை. கோப்பை உதட்டுக்கு அருகில்...

தட்டிவிட்டாள்!

கோப்பை சுவரில் மோதிச் சிதறியது.

"யா அல்லாஹ்! ஆயத்துத் தண்ணி புள்ள!"

"எத்தின நாளாக் குடிக்கிறீங்க உம்மா?"

"நாலு நாள். நித்திர வருகுதில்ல, அதுக்குத்தான். என்னத்துக்குத் தட்டின நீ?"

அஸ்பியா வழி முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள்.

"பலகை... நூதனசாலைட சாமான் உம்மா. கொண்டு போக வந்த."

"பலகையக் கொண்டு போறதுக்குக் கோப்பைய உடைக்கிறதா?"

அஸ்பியா சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தாள்.

சரீபா அவளையே பார்த்தாள்.

"நிரோசன் எங்க? அவர் மௌத்தான நாள்ல இரிந்து தினமும் வாசல் கேட்டடியில பாணும் பழமும் வச்சிட்டுப் போவான். நேத்து வரல்ல."

"பொலிஸ்ல இரிக்கான்."

"பொலிஸ்லயா! ஏன்?"

திரைக்கு அப்பால் ஸப்ரி இருமினார். சொல்லாதே என்பதுபோல இருந்தது. ஆனால் மணி ஒன்பதே கால்.

"காக்காக்கு நஞ்சு குடுத்ததெண்டு உம்மா."

சரீபா தரையைப் பார்த்தாள். சீமெந்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மீண்டும் தண்ணீரை.

அஸ்பியா எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"விடிய சுபஹு தொழுதிட்டு ஒவ்வொரு நாளும் நான்தான் ஊத்தினன்," என்றாள் சரீபா. குரல் எங்கோ தொலைவில் இருந்து வந்தது. "மரவாசம் அடிக்குது எண்டாரு. நோய் கழண்டு போற வாசம் அது, குடிங்க எண்டன்."

"உம்மா..."

"ஒரு நாள் சத்தி எடுத்தாரு. இனி வேணாம் சரீபா எண்டாரு. நான் அழுதன். நான் அழுதா அவருக்குத் தாங்காது... வாங்கிக் குடிச்சாரு."

அஸ்பியா அவளுடைய கைகளைப் பிடித்தாள். 

"அந்தப் பொடியன் இதச் சொல்லல்லயா? பலகைய அவர் கொண்டு வந்தத?"

"காக்காக்குக் கள்ளன் பேர் வந்துரும் எண்டு சொல்லல்ல."

சரீபா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுது மகள். பலகையக் கொண்டு வரச் சொன்னது நான். தண்ணி ஊத்தினது நான். குடிக்க வச்சது நான். எங்க கையெழுத்து வைக்க? அவன்ட பொண்டாட்டி புள்ளத்தாச்சி. சுறுக்கா எழுது!"

"உம்மா," திரைக்கு அப்பால் ஸப்ரியின் குரல் கரகரத்தது. "நீங்க கொல்லல்ல."

"அப்ப ஆரு மகன்?"



*

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாக்குமூலமும் பதிவேடும் நீதவானின் மேசைக்குப் போயின. பதினொன்றரைக்கு நிரோசன் வெளியே வந்தான். வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு.

சரீபாவைப் பெண்கள் வாட்டில் சேர்த்திருந்தார்கள். இத்தாவில் வெளியே வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவளை, உயிருக்கு ஆபத்தென்றால் மார்க்கம் தடுக்காது என்று அஸ்பியா கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். நாலு நாள்தான் குடித்ததால் தப்பிவிடுவாள் என்றார் டொக்டர் நிஹ்லா.

நிரோசன் வாட்டுக்குள் போகவில்லை. இத்தாவில் இருப்பவள். வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் உட்கார்ந்தான்.

"உம்மா... நான் நிரோசன். பாண் கொண்டந்த."

 உள்ளேயிருந்து ஓர் அழுகை வந்தது. பதின்மூன்று நாள் அழுகையைவிட அது பெரியது.

ஸப்ரியும் அஸ்பியாவும் கச்சிமுகம்மதுவை அடக்கிய மையவாடிக்குப் போனார்கள். புதிய மண்மேட்டின் முன்னால் ஸப்ரி தொப்பியைக் கழற்றினார். பெண்கள் உள்ளே போவதில்லை; அஸ்பியா மதிலுக்கு வெளியே நின்றாள். உள்ளே போனவர் திரும்பி வர வெகுநேரமானது.

வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"அங்க இன்னொரு கபுறுட மீசான் கல்லு கண்டன் புள்ள. பாசி பிடிச்சது."

"ஆருட சேர்?"

அவர் வாய் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பொறுப்பதிகாரி!

"என்ன ஸப்ரி! சந்தேக நபர உட்டாச்சாம்? பொம்புளையையும் கைது செய்யல்லயாம்? அப்ப நஞ்சு வச்சவன் எங்க? தேடுறீங்களா இல்லயா?"

"தேடிப் புடிச்சிட்டன் சேர். பேர் அப்போதிக்கரி ஸஹீத்."

"எங்க இரிக்கான்?"

"கச்சிமுகம்மது காக்காக்கு ரெண்டு கபுறு தள்ளி." ஸப்ரி மூக்கை உறிஞ்சினார். "1959ல இரிந்து ஒரே இடத்திலதான் படுத்திருக்காரு. ஆறுதலா வாங்க சேர்... தப்பி ஓடுற ஆள் மாதிரித் தெரியல்ல!"