மைக் ஐயாவின் முகமும் பள்ளி வேனின் காய்ச்சலும்

பள்ளி வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் முள்ளுவுடையது. வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் வேனில் எல்லோரும் அவளை முள்ளு என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாம் அவள் பார்க்கும் வேலையால் வந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு குட்டி முள் இருக்கிறது. வேன் டிரைவர் அவளுடைய அப்பா. அப்பா ரோட்டைப் பார்ப்பார். அவள் அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி முள்ளைப் பார்ப்பாள்.

"முள்ளு எங்க இருக்கு?"

"பாதியிலப்பா."

"அப்ப நம்ம ஆளுக்கு உடம்பு நல்லா இருக்கு."

எஞ்சின் ஓடினால் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதற்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். சூடேறிய தண்ணீர் முன்பக்கத்து ரேடியேட்டருக்கு வந்து, எதிர்க்காற்றில் ஆறி, மறுபடி உள்ளே போகும். இதையெல்லாம் அப்பா போகிற போக்கில் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளிக்கு இருபத்தைந்து வயதானது. அன்றைக்குப் பிடித்தது சனி.

தாளாளர் வேனின் அகலத்துக்கு ஒரு பேனர் அடித்துத் தந்தார். அதில் பள்ளியின் பெயர் எறும்பளவு. தாளாளரின் முகம் யானையளவு. விழாவில் மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தரும் வழக்கம் அவருக்கு இல்லை என்பதால், பிள்ளைகளுக்கு அவர் மைக் ஐயா.

பள்ளி மேனேஜர் அந்தப் பேனரை வேனின் முகப்பில், ரேடியேட்டர் கம்பிகளை மூடி இழுத்துக் கட்டினார். அன்று முதல் வேனுக்குக் காய்ச்சல். இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டது.

"காத்து போக வழியில்லைங்க. பேனரைக் கழட்டணும்," என்று அப்பா மேனேஜரிடம் சொன்னார்.

"ஐயா முகத்தைக் கழட்டச் சொல்றியா? அந்தத் தைரியத்தை அவர்கிட்டயே போய்க் காட்டு."

அப்பா போனார். மைக் ஐயா அவரை நிற்கவைத்து, தான் பள்ளி கட்டிய கதையைச் செங்கல் செங்கலாகச் சொன்னார். கடைசியில், "உன்கிட்ட பேசினதுல சந்தோஷம்ப்பா," என்று அனுப்பிவிட்டார். அப்பா இன்னும் வாயையே திறந்திருக்கவில்லை.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை வண்டி நின்றால் வேறு டிரைவர்.

முள்ளுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்த வேலை போனால் அப்பா மறுபடி லாரிக்குத்தான் போக வேண்டும். முன்பு அவர் லாரிதான் ஓட்டினார். அவர் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், எழுந்திருக்கும்போது அவர் போயிருப்பார். தலையணைப் பக்கத்தில் ஒரு மிட்டாய் மட்டும் இருக்கும். அவளுக்கு மிட்டாய் வேண்டாம்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி. மைக் ஐயாவின் கார் பழுது பார்க்கப் போயிருந்ததால், அவரும் மேனேஜரும் பிள்ளைகளோடு வேனிலேயே ஏறினார்கள். மேடு வந்தது. வேன் முனகியது.

"அப்பா, முள்ளு சிவப்புக்குப் பக்கத்துல."

அப்பா ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பேனருக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது.

மைக் ஐயா இறங்கினார். "மூடியைத் திறந்து தண்ணியை ஊத்துப்பா. இதுக்கு என்ன யோசனை?"

"இப்ப திறந்தா கொதிக்கிற தண்ணி மேல பாயும் ஐயா. ஆறட்டும்."

"நான் எத்தனை வண்டி பார்த்திருக்கேன்."

"அதானே. ஐயா பார்க்காத வண்டியா?" என்றார் மேனேஜர். "நாளைக்கே வேற ஆளைப் போட்டுடலாம் ஐயா."

அப்பா கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முள்ளு இறங்கி வந்து அதைப் பார்த்தாள்.

அவள் வேனின் முன்னால் போய் நின்றாள். பேனரின் மைக் ஐயா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சூட்டில் ஒரு கன்னம் சுருங்கியிருந்தது. முன்பல்லில் ஒரு வண்டு அடிபட்டு ஒட்டியிருந்தது. தனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா செய்வதைப் போலவே, அந்தப் பெரிய நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, இது ரொம்பச் சுடுது. பாவமா இருக்கு."

மைக் ஐயா வந்து பார்த்தார். வண்டைப் பார்த்ததும் தன்னை அறியாமல் தன் பல்லைத் துடைத்துக்கொண்டார்.

"எதிர்ல வர்றவங்க சர்ருனு போயிடுவாங்க ஐயா. இதைப் பின்னாடி கட்டினா, பின்னால வர்ற வண்டிக்காரங்க வழி முழுக்க உங்களையேதான் பார்க்கணும். வேற வழியே இல்ல," என்றாள் முள்ளு.

மைக் ஐயாவின் முகம் மலர்ந்தது. "நானும் இதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"ஐயா நினைச்சது எனக்கும் தெரியும்," என்று மேனேஜர் பேனரை அவிழ்த்துப் பின்னால் கட்ட ஓடினார்.

சிக்கலைத் தீர்த்துவிட்டோம் என்று முள்ளு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாதி உண்மை அவளை உறுத்தியது. குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இங்க காத்து போனாதான் ஐயா உள்ள தண்ணி ஆறும். அப்பா ஓட்டுறதுல தப்பில்ல."

மைக் ஐயா திறந்து கிடந்த கம்பிகளைப் பார்த்தார். அப்பாவின் கையில் கசங்கிய துணியைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக, பதில் வேண்டி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, இதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தியா?"

"ஆமாங்க ஐயா."

"நான்தான் பேசிக்கிட்டே இருந்தேனோ?"

அப்பா துணியை மடிப்பதில் மும்முரமானார்.

எஞ்சின் நன்றாக ஆறியதும், மூடிமேல் துணியைப் போட்டு அப்பா மெல்லத் திருகினார். தண்ணீர் ஊற்றினார். வேன் மேட்டில் ஏறியது. மேனேஜர் வேறு டிரைவர் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

"நீ கொஞ்சம் சும்மா வாய்யா," என்றார் மைக் ஐயா. "அவர்தான் ஓட்டுவாரு."

போட்டி மேடையில் அவர் மைக்கைப் பிடித்து, எஞ்சினுக்குக் காற்று ஏன் முக்கியம் என்று நெடுநேரம் முழங்கினார். எல்லாம் அவரே கண்டுபிடித்ததாம். முள்ளு கைதட்டினாள். அப்பா அவளைவிடப் பலமாகத் தட்டினார்.

திரும்பி வரும்போது வேன் அமைதியாக ஓடியது. பின்னால் ஒரு லாரி, வேறு வழியில்லாமல், மைக் ஐயாவின் முகத்தைப் பார்த்தபடியே வந்தது.

முன் சீட்டிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. "பாப்பா, முள்ளு எங்க இருக்கு?"

கேட்டது அப்பா இல்லை, மைக் ஐயா.

"பாதியில ஐயா," என்றாள் முள்ளு. அப்பாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கியதில், அவளுக்கு முள் ஒரு நொடி மறைந்து மறுபடி தெரிந்தது.